கிளாரினெட்டுக்கு ஒரு வாசகி

சட்டைக்கு இஸ்திரி போட்டு, மீசையைக் கத்தரித்து, நல்ல நாற்காலியை இன்னொரு தடவை துடைத்துவிட்டு, சிவசண்முகம் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டிய கட்டைப் பிரம்மச்சாரியைத் தேடி ஒரு பெண் வருகிறாள் என்றால் சும்மாவா? எதிர்வீட்டு ஜன்னல்கூடத் திறந்துகொண்டது.

எதிர்வீட்டுக்காரர்கள் நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை. வரப்போகிறவள் வாசகி. அவருடைய எழுத்து வாழ்க்கையில் முதல் வாசகி.

குமாஸ்தா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சிவசண்முகத்துக்குக் கதை ஒன்றுதான் துணை. பாளையங்கோட்டையில் அந்த வீட்டுக்குள் அவரோடு சத்தமாகப் பேசுவது தண்ணீர் மோட்டார் மட்டுமே. பத்திரிகைகள் எப்போதாவது கதையைப் போடும், கீழே அவருடைய செல்போன் எண்ணையும் போடும். யாராவது ஒருத்தர் கூப்பிட்டுக் கதை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்குவார். போன் மட்டும் வாயைத் திறக்காது.

இந்தத் தடவை அவர் எழுதியது கிளாரினெட் கதை. நாதஸ்வரத்தை வைத்து எழுதாத ஆளில்லை, வீணைக்கு ஆயிரம் கவிதை இருக்கிறது, புல்லாங்குழலுக்குக் கடவுளே இருக்கிறார். கிளாரினெட் மட்டும் கதைகளில் கல்யாண ஊர்வலம் தெருமுனை திரும்பும்வரை வரும், அப்புறம் காணாமல் போய்விடும்.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கருத்தையாவைப் பிடித்தார். பேண்ட் செட்டில் கிளாரினெட் வாசிக்கிற கருத்தையா, மார்க்கெட் டீக்கடையில் பழக்கம். கல்யாணமான புதிதிலேயே மனைவி மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றும், இன்றுவரை தனியாக ஓர் அறையில் இருந்துகொண்டு சாயங்காலமானால் அவளை நினைத்து ஊதுவதாகவும் கருத்தையா சொன்னார். அவர் ஊதியதை இவர் கொஞ்சம் ஊதிப் பெருக்கினார், அவ்வளவுதான். பெயரைக்கூட மாற்றவில்லை. யார் படிக்கப்போகிறார்கள் என்கிற தைரியம். கதை வெளியான மறுவாரமே போன் அடித்தது, கதை எழுதினவரை நேரில் பார்க்க வருவதாக ஒரு பெண் குரல் சொன்னது.

பத்தமடையிலிருந்து பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்த அந்தப் பெண்ணுக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். பெயர் சுடலைவடிவு, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். தனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும், நித்யா டீச்சர்தான் ஒரு மத்தியானம் கதையை வாசித்துக் காட்டினார் என்றாள்.

காபியை நீட்டிவிட்டு, சிவசண்முகம் அடக்க மாட்டாமல் கேட்டார். "கதையைப் பத்தி ஒங்க கருத்து என்னம்மா?"

அவள் வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். "எம் மனசுல பட்டதைச் சொல்லுதேன், அண்ணாச்சி. அந்தக் கிளாரினெட்டுக்காரவிய நெசமாவே இருக்காவளா?"

"யாரு, கருத்தையாவா? இங்கனதான் இருக்காரு."

"ஆமா, அவியதான்."

பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவர்களின் சொல்லெல்லாம் பாவம் இவளுக்கு வராது என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆனால் அவள் கேட்ட கேள்விகள் அவரைத் தரையிலேயே நிற்க விடவில்லை. அந்த மனிதர் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாரா, பனிக்காலத்தில் இருமல் வருகிறதா, வேட்டியை யார் துவைக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்தாள். கதையில் வருகிற ஆள் சாப்பிட்டானா என்று வாசகி கவலைப்படுகிறாள், ஓர் எழுத்தாளனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

"அந்தப் பொம்பள சாவுத எடத்துல டீச்சர் அழுதுட்டாவ" என்றாள்.

"நீங்க?"

"எனக்கு அழுக வரல."

அவருக்கு முகம் சுண்டிப்போனது. அந்த இடத்தை எழுதும்போது அவரே அழுதிருந்தார். தான் எதையும் கற்பனை செய்யவில்லை, கருத்தையா சொன்னது அப்படியே என்று சமாதானம் சொன்னார்.

"அதச் சொல்லும்போது அவியளுக்குக் கண்ணு கலங்கிச்சா, அண்ணாச்சி?"

"கலங்கிச்சாவா? தேம்பித் தேம்பி அழுதாரும்மா. டீக்கடையே திரும்பிப் பாத்துச்சு."

"அழுதாவளா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கையிலிருந்த காபி ஆறி ஏடு படிந்தது.

அவள் கிளம்பிவிட்டால் வீடு பழையபடி ஆகிவிடும் என்று சிவசண்முகத்துக்குக் கஷ்டமாக இருந்தது. ஆட்டோ பிடித்தால் பக்கம்தான், கருத்தையாவை நேரிலேயே பார்த்துவிட்டு வரலாம், இப்போது ஊத ஆரம்பித்திருப்பார் என்று ஆசை காட்டினார். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு எழுந்தாள்.

வாசல்வரை போனவள் நின்றாள். "கத நல்லாத்தான் இருக்கு, அண்ணாச்சி" என்றாள்.

இத்தனை வருஷமும் அவர் காத்துக் கிடந்த வார்த்தை. தொண்டையைச் செருமிக்கொண்டு, இதில் பாதிப் பெருமை கருத்தையாவுக்குத்தான், அவரிடமும் சொல்கிறேன் என்றார். அவரிடம் வேறு என்ன சொல்லட்டும் என்று கேட்டார்.

அவள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நான் இன்னும் சாகலைன்னு மட்டும் அவியகிட்ட சொல்லிருங்க."