இருநூறு கோல் மன்னன்

பப்பாளிக்காய் போலிருந்த பந்தைக் கையில் உருட்டியபடி ஜெயந்தன் பின்னால் நடக்கத் தொடங்கியதும், மேடையில் நின்ற மகாலிங்கத்துக்குக் கோட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது.

நாற்பது மீட்டர் தூரத்தில் நாலு கம்பங்கள். அவற்றுக்குப் பின்னால், சிரம்பான் பட்டணத்தில் அவர் அச்சடித்து வாங்கிவந்த பதாகை: ‘ஆஸ்திரேலியாவின் இருநூறு கோல் மன்னன், எமது மருமகன்.’

அந்த இருநூறை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆறு வருடமாக ராசா வட்டாரத்துக் கோயிலிலும் கல்யாண வீடுகளிலும் செத்த வீடுகளிலும் சொல்லிச் சொல்லி, இருபதில் தொடங்கியது தானாகவே வளர்ந்துவிட்டது.

தங்கை மகன் ஜெயந்தன் மெல்பர்னில் சம்பளத்துக்கு ஆஸ்திரேலியக் காற்பந்து ஆடுகிறான் என்பது மட்டும் சத்தியமான உண்மை.

நேற்றுச் சாப்பாட்டு மேசையில்தான் இடி விழுந்தது.

“நான் பின்வரிசை, மாமா. மற்றவன் கோல் அடிக்காமல் மறிக்கிறதுதான் என்ர வேலை. நான் ஒருநாளும் அடிச்சதில்லை,” என்றான் பிள்ளை, புட்டில் மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே.

அதைப் பெருமையாக வேறு சொன்னான்.

அடுத்த மாதம் சிரம்பான் தமிழர் சங்கத் தேர்தல். தலைவர் யோகேந்திரனிடம் மகாலிங்கம் ஏற்கெனவே மூன்று முறை தோற்றவர். நாலாவது முறைக்கு அவர் கையிலிருந்த ஒரே பலம் ஜெயந்தனின் கால். அதற்காகத்தான் தன் அப்பா கணக்கெழுதும் கிராணியாக இருந்த, பெடாஸ் ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் இந்த விளையாட்டு விழா. தலைமை விருந்தினராக மருமகன். முன்வரிசை நாற்காலிகளில் சங்கத்து ஓட்டுகள் அத்தனையும்.

நேற்று மாலை ஜெயந்தனே நாடா பிடித்து அளந்து இடம் காட்ட, செம்பனைக் குலை வெட்டும் செல்லம் குழி தோண்டி நாலு பாக்கு மரங்களை ஒரே வரிசையில் நட்டிருந்தான். நாலு மரம் நிற்கக் கண்ட தோட்டத்துக் கிழவி மாரியம்மா, என்ன ஏது என்று கேட்காமல் மாவிலை கட்டிவிட்டுப் போயிருந்தாள்.

நடு இரண்டு கம்பங்களுக்குள் பந்து போனால் கோல், ஆறு புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் தவறிய அடி. ஆனாலும் ஒரு புள்ளி உண்டு. தவறவிட்டவனுக்கும் புள்ளி போடுகிற இந்த விதி, மூன்று தேர்தல் பார்த்த மகாலிங்கத்துக்கு மிகவும் பிடித்திருந்தது.

இன்றைக்கு மட்டும் பிடிக்கவில்லை.

கம்பங்களுக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியும் கைக்கொரு கொடியுமாகக் கோல் நடுவர் தாயம்மா நின்றாள். லோரியில் பழக்குலை ஏற்றிப் பழகிய கைகள்.

“தம்பி, ஆறுன்னா ரெண்டு கொடி, ஒண்ணுன்னா ஒரு கொடி. ஒண்ணுமே இல்லன்னா நான் வீட்டுக்குப் போயிரலாம்லா?” என்று அவள் கத்த, திடலே சிரித்தது.

யோகேந்திரன் சிரிக்கவில்லை. அவர் நாற்காலி மேல் ஏறிக் கைப்பேசியை வானத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் லைன் கிடைப்பது அபூர்வம். இன்றைக்குக் கிடைக்கவே கூடாது என்று மகாலிங்கம் முருகனுக்கு ஒரு காவடி நேர்ந்திருந்தார்.

முருகன் கைவிட்டார்.

“என்ன லிங்கம், எழுபத்தொரு ஆட்டம், கோல் சைபர் எண்டு கிடக்கு! இருநூறு எங்க, ஐசே?”

“அது அங்கத்தைய கணக்கு. இஞ்ச பாரும்,” என்றார் மகாலிங்கம், தன் கால் சப்பாத்தில் அப்பியிருந்த செம்மண்ணை மேடைப் படியில் தேய்த்தபடி. திடலோரத்தில் செல்லம் மண்வெட்டியில் சாய்ந்து பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான்.

ஜெயந்தன் திரும்பி நின்றான். கம்பங்களை இடமிருந்து வலமாகப் பார்த்தான். பிறகு வலமிருந்து இடமாக. ஆறு வருடம் அந்த நடு இடைவெளியைக் காவல் காத்தவன், அதை இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தான். உதடு லேசாகக் கோணியது.

பயந்துவிட்டான் என்று நினைத்தார் மகாலிங்கம்.

ஓடிவந்து உதைத்தான்.

பந்து மேலே போனது. போகப் போக இடது பக்கம் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. யோகேந்திரன் நாற்காலியிலிருந்து இறங்க ஒரு காலைத் தூக்கிவிட்டார்.

இடது நடுக்கம்பத்துக்கு ஒரு சாண் உள்ளே புகுந்து, தாயம்மாவின் தொப்பியைத் தாண்டி விழுந்தது.

அவள் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள், பிறகு இரண்டு கொடிகளையும் ஈ விரட்டுவதுபோல் வீசு வீசென்று வீசினாள்.

திடல் எழுந்து நின்றது. ஜெயந்தன் கைகளை விரித்துக்கொண்டு கம்பங்களை நோக்கி ஓடினான்; ஓடிய வேகத்தில் மண்டியிட்டு, தலையைத் தரையோடு தாழ்த்தினான்.

மகாலிங்கத்தின் வாய் முந்திக்கொண்டது. “பாருங்கள்! பாட்டனார் கிராணியாக இருந்த மண்ணை வணங்குகிறார்!” என்று ஒலிபெருக்கி அலறியது.

முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. நாற்காலி மேல் ஒற்றைக் காலில் நின்ற யோகேந்திரன்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சங்கம் கைமாறிவிட்டது என்று மகாலிங்கத்துக்குப் புரிந்தது.

அப்புறம்தான் அவர் சரியாகப் பார்த்தார்.

பிள்ளை மண்டியிட்டிருந்தது கம்பத்தடியில் அல்ல. அதற்கு இரண்டு எட்டு உள்ளே. மேலே பரப்பியிருந்த புல்லை ஒதுக்கிவிட்டு, இரு கையாலும் மண்ணை வாரி ஒரு குழிக்குள் தள்ளிக்கொண்டிருந்தான். நேற்று மாலை அவன் அளந்து கொடுத்த இடம். விடியற்காலையில் அவரும் செல்லமும் கம்பத்தைப் பிடுங்கி வெளிப்பக்கமாக நகர்த்திய அவசரத்தில், புல்லை மட்டும் அள்ளிப்போட்டுவிட்டு வந்த குழி.

மூடினான். மிதித்துச் சமன் செய்தான். மேடையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

பிறகு நிதானமாக வலது நடுக்கம்பத்துப் பக்கம் நடந்துபோய், பாட்டனாரின் மண்ணை இரண்டாவது முறையும் வணங்கினான்.