கண் மட்டும் பாக்கி

மாவு மில்லின் பின்சுவரில் ஓர் எலி தினமும் படம் போட்டுவந்தது. மெஷினில் கசியும் கறுப்பு கிரீஸில் வாலைத் தோய்த்து, அன்றைக்குப் பார்த்ததில் ஒன்றை வரையும். கிழிந்த சாக்கு, மிளகாய் அரைக்க வந்து தும்மிய ஆள் என்று சுவர் பாதி நிறைந்திருந்தது. ஒவ்வொரு படமும் முடிந்ததும் வாய்விட்டு "ஆச்சு!" என்று சொன்னால்தான் அதற்கு மனசு ஆறும்.

ஒருநாள் பூனை வந்து அந்த வாலை மிதித்துவிட்டது.

"இன்னிக்கு உங்களைத்தான் வரையலாம்னு இருந்தேன்," என்றது எலி, பல் தந்தியடிக்க.

பூனைக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. காலை எடுத்தது. "வரை. அப்புறம் தின்னுக்கறேன்."

"படத்துல கண்ணைக் கடைசியாத்தான் திறப்போம். அதுவரைக்கும் நீங்களும் மூடிக்கணும்."

பூனை மூடிக்கொண்டது.

எலி காதை வரைந்தது, மீசையை வரைந்தது, சத்தமில்லாமல் வளைக்குள் பாதி உடம்பை நுழைத்தது. பிறகு திரும்பிப் பார்த்தது. சுவரில் பூனை கண்ணில்லாமல் நின்றது.

"என்னங்க, வேண்டாம்!" என்று வளைக்குள்ளிருந்த பெண்டாட்டி எலி காலைப் பிடித்து இழுத்தது.

"ரெண்டே புள்ளிதான்," என்று உதறிவிட்டு ஓடியது எலி. பூனையின் மூச்சு முதுகில் சுட்டது. வால் நடுங்காமல் ஒரு கண்ணை வைத்தது. மற்றதையும் வைத்தது. அச்சு அசல் பூனைதான்.

"ஆச்சு!" என்றது எலி.

பூனை கண்ணைத் திறந்தது.