காலரில் குத்திய பூச்சி

டிரவுட் மீன் பிடிக்கப் போன அண்ணன் தம்பி இருவரையும் ஆறு இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஓர் உடல்தான் கிடைத்தது. பாறையில் மோதி முகம் சிதைந்திருந்தது. இருவருக்கும் ஒரே உடல்வாகு, ஒரே மாதிரி மழைக்கோட்டு.

"கோட்டுக் காலர்ல இது குத்தியிருந்துச்சு. யார் கட்டினதுன்னு தெரியுதாம்மா?"

தூண்டில் முள்ளில் பட்டுநூலும் கவுதாரி இறகும் சுற்றி, மீனை ஏமாற்றக் கட்டிய பொய்ப்பூச்சியைக் காவலர் மேசைமேல் வைத்தார். அந்த வீட்டு மருமகள்கள் இருவரும் அதே மேசையில்தான் அவரவர் கணவருக்குப் பூச்சி கட்டுவார்கள்.

இளையவள் முந்திக்கொண்டாள். "என்னோடது இல்ல சார். நான் இறகை நெருக்கிச் சுத்துவேன். இது ரெண்டே சுத்து. தண்ணியில கால் உதைக்கிற மாதிரி அசையும்னு அக்காதான் இப்படிக் கட்டுவாங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அக்கா, மன்னிச்சிடுங்க."

மூத்தவள் பூச்சியையே பார்த்தாள். "நான் கட்டினதுதான். காலர்ல எந்தப் பக்கம் சார் இருந்துச்சு?"

"உள்பக்கம்."

மூத்தவள் இளையவளின் தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் டப்பாவுலதான் வைப்பார். காலையில உன் வீட்டுக்காரர் வந்து, 'அண்ணி, அவ கட்டினதைப் பார்த்தா மீனே சிரிக்குது. உங்களோடது ஒண்ணு குடுங்க, அவகிட்ட மூச்சு விட்டுடாதீங்க'ன்னு கெஞ்சினார். உன் கண்ணுல படக்கூடாதுன்னு நான்தான் உள்பக்கமா குத்திவிட்டேன்."