வடக்கே போன புகை

"விலகுது! விலகுதும்மா!"

ஜெபா போட்ட கூச்சலில், பிலோமி கழுவிக்கொண்டிருந்த டீ கிளாஸ் கை நழுவி வாளிக்குள் விழுந்தது.

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் பிலோமியின் டீக்கடை. கொஞ்ச நாளாக அங்கே டீயைவிடச் சூடாக இருந்தது, காலேஜில் படிக்கும் மகள் ஜெபாவின் செல்போன்தான். சுமத்ராவில் காடு பற்றி எரிகிறது. அந்தப் புகை கடலைத் தாண்டி, நாட்டு எல்லையைத் தாண்டி சிங்கப்பூரை மூடிக் கிடப்பதை சாட்டிலைட் படத்தில் பார்த்துப் பார்த்துத் தாயும் மகளும் சரியாகத் தூங்கவே இல்லை.

காரணம், ஆஸ்டின். பிலோமியின் மகன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு உள்ளவன்.

"எங்க, காட்டு பாப்பம்!" லாரியை ஓரங்கட்டிவிட்டு டீ குடிக்க வந்திருந்த டிரைவர் சோலை எட்டிப் பார்த்தார்.

"இந்தாப் பாருங்கண்ணே. காலையில இந்த எடமே தெரியாமச் சாம்பலாக் கெடந்துச்சு. இப்ப சிங்கப்பூரு பளிச்சுன்னு தெரியுது!"

"அட! என் லாரி எங்க நிக்குதுன்னு ஓனருக்கே தெரியல. சுமத்ராவுல கெளம்புன பொகை எங்க நிக்குதுன்னு ஒனக்குத் தெரியுதே!"

பிலோமி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"ஞாயித்துக்கெழம பூசையில மன்றாட்டு வச்சேன்ல! மாதா கேட்டுட்டா! சோலையண்ணே, இந்த டீக்குக் காசு வேண்டாம்!"

"அப்ப இன்னொண்ணு போடும்மா!"

சத்தம் கேட்டுப் பக்கத்து இட்லிக் கடையிலிருந்து பேச்சி ஓடி வந்தாள். இரண்டு கையிலும் மாவு.

"வெலகி எந்தப் பக்கம்டி போகுது?"

ஜெபா படத்தை விரலால் மேலும் கீழும் நகர்த்தினாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

"வடக்கே பெரிம்மா... கோலாலம்பூரு பக்கம்."

பேச்சியின் மகன் மருதுபாண்டிக்குக் கோலாலம்பூரில் ஓட்டல் வேலை. புரோட்டா மாஸ்டர். அவனும் ஆஸ்டினும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். இதெல்லாம் தெருவுக்கே தெரியும். பிலோமிக்கு மட்டும் அந்த நிமிஷத்தில் மறந்துபோனது.

"எங்கயும் போகட்டும்க்கா! எம்புள்ள இனி மூச்சு விடுவான், அது போதும்!"

பேச்சி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த முனியசாமி கோயிலைப் பார்த்துத் திரும்பி, மாவுக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"முனியய்யா! அந்தப் பொகைய வந்த வழியே திருப்பி விட்டுரு! ஒனக்குப் பொங்க வச்சுக் கெடா வெட்டுறேன்!"

பிலோமிக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் உறைத்தது.

"வந்த வழியேன்னா? எம்மகன் மேலயா?"

"திரும்பணும். எனக்கு அம்புட்டுத்தான்."

"அடிப்பாவி! ஒன் மகன் கட்டடத்துக்குள்ள நிக்கிறான். எம்மகன் வெட்டவெளியில கப்பல் மேல ஏறி நிக்கிறான். அவன் மூச்சுல கண்ணு வைக்கிறியே, நீயெல்லாம் பிள்ள பெத்தவளா?"

சோலை இரண்டாவது டீயைக் கீழே வைத்தார்.

"தப்புத்தான் பேச்சி. ஒன் பிள்ள நல்லாருக்க அவ பிள்ளைக்கு மூச்சு முட்டணுமா? இது நல்ல வேண்டுதலா?"

பேச்சி ஜெபாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏ, நல்லாப் பாரு. திரும்புதா?"

"இல்ல பெரிம்மா. கோலாலம்பூரு பாதி மூடிருச்சு."

பேச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதைப் பார்த்தும் பிலோமிக்கு மனசு இளகவில்லை. சொல்லப்போனால் கொஞ்சம் குளிர்ந்தது.

"ஏ ஜெபா, அண்ணனுக்குப் போனைப் போடு! நல்ல சேதிய நானே சொல்றேன். கேக்குறவுக நல்லாக் கேக்கட்டும்!"

வெகுநேரம் மணியடித்த பிறகு வீடியோவில் ஆஸ்டின் வந்தான். மூக்கில் ஈரத் துண்டு கட்டியிருந்தான்.

"ராசா! பொகை போயிருச்சுல்ல?"

முதலில் இருமல்தான் வந்தது. அடங்க நேரமானது.

"எங்கம்மா போச்சு? இப்பத்தான் வந்து மூடுது."

"படத்துல சிங்கப்பூரு பளிச்சுன்னு இருக்குடா!"

"நான் சிங்கப்பூர்ல இல்லம்மா. வேலையில மயங்கி விழுந்துட்டேன். இங்க வந்துருடான்னு மருதுதான் கூப்பிட்டான். பஸ்ஸேறிக் கோலாலம்பூரு வந்துட்டேன்."

அவன் பின்னால் ஜன்னல் இடுக்கில் துணி செருகிக்கொண்டிருந்தவன் திரும்பிக் கையாட்டினான். மருதுபாண்டி.

"நீ பதறிருவேன்னு பெரிம்மாகிட்ட மட்டும் சொன்னோம். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருந்தேன். திட்டாதம்மா."

பிலோமி பேச்சியின் பக்கம் திரும்பினாள். சோலை ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

"அக்கா... தெரிஞ்சுக்கிட்டேவா இம்புட்டுப் பேச்சும் வாங்குன? ஒன் மகனுக்காகன்னு நெனச்சுல்ல..."

பேச்சி கண்ணைத் துடைத்ததில் கன்னமெல்லாம் மாவு.

"எம்மகன் அடுப்புப் பொகையில நிக்கிறவன், தாங்கிக்கிருவான். நான் வேண்டுனது ஒன் மகனுக்குடி!"