வினாடிக்கு முப்பது

எதிர்த்தரப்பு கோச் மூக்கைச் சொறிந்தார். நான் பொத்தானை அழுத்தினேன்.

சத்தமே இல்லை. புது மிரர்லெஸ் கேமரா, வினாடிக்கு முப்பது படம். செஸ் அரங்கில் யாராவது தும்மினாலே நடுவர் முறைப்பார். என் பழைய கேமராவாக இருந்தால் முதல் கிளிக்கிலேயே வெளியே அனுப்பியிருப்பார்.

போட்டிக்கு அமர்த்தப்பட்ட ஃபோட்டோகிராபர் நான். நாலாம் மேஜையில் இறுதிச் சுற்று ஆடுவது என் மகள்.

ஆட்டம் தொடங்குமுன் மனைவி என் காதைக் கடித்தாள்.

"அந்த கோச் மேல ஒரு கண்ணு வச்சுக்கோங்க. உக்காந்த இடத்துலேருந்தே, நம்ம பொண்ணோட ஆடப்போற அவரோட ஸ்டூடண்டுக்கு சைகை காட்டுறாரு."

அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஒரு காலத்தில் மாநிலத்துக்காக ஆடியவள்; மகளுக்குக் கற்றுக்கொடுப்பவளும் அவள்தான். எனக்குக் குதிரைக்கும் மந்திரிக்கும் வித்தியாசம் தெரிந்தாலே பெரிது.

நேரே நடுவரிடம் போனேன். படத்தோடு பிடித்துத் தருகிறேன் என்று மார்தட்டிவிட்டு வந்தேன்.

சுவரோரம் நின்றால் மேஜையும், அதன் பின்னால் பார்வையாளர் வரிசையும் ஒரே படத்தில் விழும். கோச்சின் கண்ணில் ஃபோகஸை வைத்தேன். அவர் எங்கே அசைந்தாலும் அந்தச் சின்னக் கட்டம் அவரை விடவில்லை.

தொப்பியைத் திருப்பினார். அழுத்தினேன். கைக்குட்டையை எடுத்தார். அழுத்தினேன். மனிதர் கொட்டாவி விட்டதுகூட எனக்கு ரகசியமாகவே பட்டது.

இரண்டரை மணி நேரத்தில் மகள் ஜெயித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, கேமராத் திரையில் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

கோச் பார்க்கிறார், சொறிகிறார், அசடு வழிகிறார். அவரிடம் கற்கும் அந்தப் பெண்ணோ ஒரு படத்தில்கூடத் தலை நிமிரவில்லை.

நிமிர்ந்தது என் மகள்.

ஒரே அழுத்தலில் விழுந்த ஒரு தொகுப்பின் நாலாவது படத்தில் அவள் பார்வையாளர் பக்கம் பார்க்கிறாள். பதினொன்றாவதில், கோச்சுக்கு இரண்டு நாற்காலி தள்ளி, என் மனைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறாள். பத்தொன்பதாவதில், மந்திரியை எடுக்கப்போன மகளின் கை அந்தரத்தில் நிற்கிறது.

அடுத்த தொகுப்பைப் பார்த்தேன். அதிலும் கண்ணாடி. அதற்கடுத்ததிலும்.

அரை வினாடிதான். வெறும் கண்ணால் பார்த்தவனுக்குக் கண்ணாடி துடைக்கிற ஒரு தாய்தான் தெரிந்திருப்பாள்.

என் கட்டைவிரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது.

தோளுக்குப் பின்னால் மூச்சுக் கேட்டது. மகள் எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ, தெரியவில்லை. குனிந்து என் விரலை இறுக்கிப் பிடித்தாள்.

"அழிக்காதீங்கப்பா."

பிறகு நிமிர்ந்து, அரங்கின் மறுமுனையில் நின்ற நடுவரை அவளே கைகாட்டி அழைத்தாள்.