விபூதியில் தெரிந்த கோடு

எஞ்சினோடு சுழலும் ஃபிளைவீல் சக்கரத்தில் விபூதியைத் தூவிவிட்டுக் கண்கொட்டாமல் நின்றார் சுகுமாரன். பார்க்கிறவர்களுக்கு அது பூசை. சக்கரத்தில் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு மேலே பொடி தூவினால், விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் கசிந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பது மெக்கானிக்குக்குத்தான் தெரியும்.

காட்டிக்கொடுத்தது. தேய்ந்துபோன நடுத்துளையின் ஓரத்தில் மயிரிழையாய் ஒரு கறுப்புக் கோடு.

"என்னா அங்கிள், வண்டி ஓகே லா?" பின்னால் வந்து நின்றான் சுரேன். அந்த ஆரஞ்சு நிற, நாலு சக்கரக் குவாட் பைக் அவனுடையது.

பாயா ரும்புட் ஊரில் நடக்கும் குவாட் பைக் பந்தயத்தில் சுகுமாரன் கைபடாமல் எந்த வண்டியும் இறங்காது. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் அதே பந்தயத்தில் அவர் மகன் தினேஷ்வரனும் ஓட்டுகிறான். ஜெயிப்பவனுக்கு மலாக்கா மாநிலக் குழுவில் இடம். வயது வரம்பைத் தொட்டுவிட்ட தினேஷுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. சுரேன் இருக்கும்வரை அவனுக்கு எப்போதும் இரண்டாம் இடம்தான்.

'நடுவழியில் நின்றுபோகும், அவ்வளவுதானே' என்று மனசுக்குச் சமாதானம் சொன்னார். வேகத்தில் சக்கரம் சிதறினால் துண்டுகள் ஓட்டுகிறவன் காலைத்தான் பதம் பார்க்கும் என்பது அவருக்கா தெரியாது?

"நல்லா இருக்கு தம்பி." விபூதியைத் துடைத்துவிட்டு மூடியை மாட்டி முறுக்கினார்.

"தேங்க்ஸ் அங்கிள். தினேஷ் அண்ணன் வண்டி காலையில மக்கர் பண்ணுச்சாமே?"

"கார்புரேட்டர்ல தூசு. கிளீன் பண்ணிட்டேன். நீ போ." அவன் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

கொஞ்ச நேரத்தில் வண்டிகள் வரிசை கட்டின. எல்லாருக்கும் முகம் மூடிய ஹெல்மெட். ஆரஞ்சு வண்டிக்காரன் அவர் பக்கம் திரும்பி ஆசையாய்க் கையசைத்தான்.

சுகுமாரன் கையிலிருந்த துணியை வீசி எறிந்தார். அவனையும் ஒருத்தி பத்து மாதம் சுமந்துதானே பெற்றாள்! பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டு ஓடினார்.

"நிறுத்துங்கடா! அந்த ஆரஞ்சு வண்டிய நிறுத்துங்க!"

எஞ்சின்களின் உறுமலில் அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. கொடி இறங்கியது. செம்மண்ணை வாரியிறைத்துக்கொண்டு ஆரஞ்சு வண்டிதான் முதலில் பாய்ந்தது.

கால் தடுக்கி விழப்போனவரைப் பின்னாலிருந்து இரண்டு கைகள் தாங்கிப் பிடித்தன. திரும்பினார். சுரேன்!

"பயப்படாதீங்க அங்கிள், எனக்கு அடுத்த வருஷம் இருக்கு லா. அண்ணன் வண்டி மறுபடியும் படுத்துருச்சு, அதான் என் வண்டிய அவருக்குக் குடுத்துட்டேன்."