கப்பல் நிற்கும் நேரம்

"மதீராவுக்கு இதான் முதல் தடவையா, சென்யோரா?"

டாக்ஸிக்காரன் தலைக்கு மேலே தொங்கிய கண்ணாடியில் அவளைப் பார்த்துக் கேட்டான். பின்சீட்டில் இருந்த இடலினா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே, "ஆமா. எனக்கு லிஸ்பன்" என்றாள்.

இரண்டும் பொய். அவள் பிறந்தது இந்தத் தீவில்தான். வண்டி ஓட்டுகிற டெல்மோ அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அவள் கல்யாணமாகி ஜொஹானஸ்பர்க் போனபோது அவனுக்குப் பன்னிரண்டு வயது. துறைமுகத்து மஞ்சள் டாக்ஸி வரிசையில், அப்பாவின் அதே வளைந்த மூக்கோடு ஒரு நரைத்த மனிதனைப் பார்த்ததும் நேரே போய் ஏறிக்கொண்டாள். அவன் அவளை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தான், கதவைச் சாத்தினான். அவ்வளவுதான்.

"செராடோ உச்சிக்குத்தானே? கப்பல்ல வர்ற எல்லாரும் அங்கதான் போறாங்க. ஃபோட்டோ எடுப்பாங்க, கேக் தின்பாங்க, இறங்கிடுவாங்க."

"சாயங்காலம் கப்பல் கிளம்பிடும். அதுக்குள்ள திரும்பணும்."

"திருப்பிக் கொண்டுபோய் விட்டுடறேன். கவலைப்படாதீங்க."

ஒரே வருஷத்தில் வந்து பார்க்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனவள் அவள். முதலில் டிக்கெட்டுக்கு வழியில்லை. வழி வந்தபோது, வந்து நிற்க முகமில்லை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகுதான் துணிந்து கப்பல் ஏறினாள். உச்சியில் நின்று கண்ணாடியைக் கழற்றி, "டேய், நான்தான்டா" என்று சொல்ல வேண்டும். இரண்டு பேருமாகக் கீழே அம்மாவிடம் போக வேண்டும். வளைவுக்கு வளைவு அதையே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

உச்சியில் மேகம் விலகியதும், கம்பிவேலிக்குக் கீழே பாதாளத்தில் குரால் கிராமம் தெரிந்தது.

"அதோ மாதா கோயில். அதுக்கு மேல செவப்பு ஓடு தெரியுதா? அதான் என் வீடு" என்றான் டெல்மோ.

அவள் வேலியோடு ஒட்டிக் குனிந்து பார்த்தாள். "புகை வருதே. வீட்டுல யாரு?"

"பக்கத்து வீட்டுக்காரம்மா. மத்தியானம் வந்து சூப் காய்ச்சி வெச்சிட்டுப் போவாங்க."

"கல்யாணம் பண்ணிக்கலையா?"

"ஒருத்தி சரின்னா. படுத்த படுக்கையா கெடந்த எங்கம்மாவப் பாத்துட்டு ஓடிட்டா. ஊட்டணும், தொடைக்கணும், பொரட்டிப் படுக்க வெக்கணும். எவ வருவா?"

"கூடப்பிறந்தவங்க யாரும் இல்லையா?" வேலியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஒரு அக்கா இருந்தா. செத்துட்டா."

கண்ணாடியைக் கழற்றப் போன கை அப்படியே நின்றது.

"எப்போ?"

"எங்களப் பொறுத்தவரைக்கும் எப்பவோ."

"அம்மா?"

அவன் பள்ளத்தாக்கைப் பார்த்தான். "போன குளிர்காலத்துல போயிட்டாங்க. கடைசி மூச்சு வரைக்கும் அவ பேருதான் வாயில."

இடலினா இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "எங்க அடக்கம் பண்ணீங்க?"

"கோயிலுக்குப் பின்னாடி."

"அங்க போலாமா? ஒரு மெழுகுவத்தி ஏத்தி வெச்சிட்டு வந்துடறேன்."

"நீங்க எதுக்கு, சென்யோரா?"

"சும்மாதான். எனக்கும் ஒரு அம்மா இருந்தாங்க."

டெல்மோ அவளையே பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன் போல உதடு அசைந்தது. பிறகு வண்டியின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஊருக்குப் போற சுரங்கப்பாதைல வேலை நடக்குது. கீழ போனா கப்பல விட்டுடுவீங்க."

அவள் அங்கிருந்தே கோயிலைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணாடிக்கு அடியில் கண்ணீர் வழிந்தது. பக்கத்தில் ஒரு ஜோடி, ஃபோட்டோவில் அவள் விழுகிறாள் என்று கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னது. தள்ளி நின்று அழுதாள்.

திரும்பும் வழியிலும் அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை. இறந்துபோன அக்கா இனி உயிரோடு வந்து யாருக்கு என்ன ஆகப் போகிறது? துறைமுகத்தில் இறங்கியதும் அவன் கையை மட்டும் இறுகப் பிடித்தாள்.

"தனியா இருக்கீங்க. உடம்பப் பாத்துக்கோங்க."

"பழகிடுச்சு" என்றான்.

கப்பல் துறையை விட்டு நகர்ந்து, கடலில் ஒரு வெள்ளைப் புள்ளியாகும் வரைக்கும் டெல்மோ அங்கேயே நின்றிருந்தான். இரண்டு சவாரி வந்தது, போகவில்லை. பிறகு வண்டியை எடுத்தான். சுரங்கப்பாதை வெறிச்சென்று கிடந்தது. ஒரு தடுப்பு இல்லை, ஓர் ஆள் இல்லை.

வீட்டில் சூப்பைச் சுடவைத்து, அதிலிருந்த செஸ்நட் பருப்பைக் கரண்டியால் குழைய மசித்தான். கிண்ணத்தோடு உள்ளறைக்குப் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். போர்வைக்குள்ளிருந்து எலும்பும் தோலுமாக ஒரு கை நீண்டு, அவன் சட்டையைப் பற்றியது.

"இன்னைக்குக் கப்பல் வந்துச்சாமே. உங்கக்கா வந்தாளாடா?"

அவன் முதல் கரண்டியை ஊதி ஆற்றி, அந்தப் பல்லில்லாத வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"வந்திருந்தா கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனாம்மா?"